ஹ்யூ ஹௌவியின் ‘வூல்’: 99 சென்ட் கதையும் கைவிடாத மின்னூல் உரிமையும்

2011 ஜூலைக் கடைசியில், அமெரிக்காவின் வட கரோலினாவில் பூன் என்கிற மலையூரில், பல்கலைக்கழகப் புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹ்யூ ஹௌவி, சுமார் 12,000 சொற்களில் எழுதிய ஒரு கதையை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 99 சென்ட் விலைக்குப் போட்டார். பெயர் ‘வூல்’. போட்டதோடு சரி. அதை விளம்பரப்படுத்த அவர் எதுவும் செய்யவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கவனமெல்லாம் தான் எழுதிய வேறு நாவல்கள் மேல்தான் இருந்தது. ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் கதையும் அதன் தொடர்ச்சிகளும் லட்சக்கணக்கில் விற்று, சைமன் அண்ட் ஷஸ்டர் மாதிரியான ஒரு பெரிய பதிப்பகத்தோடு, அந்தப் பதிப்பகம் வழக்கமாக யாருக்கும் கொடுக்காத ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது அதிகம் அடிபடும் கேள்வி, “புத்தகம் போட்டாச்சு, எப்படி வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது” என்பதுதான். வரும் பதில்களும் ஒரே ரகம்: ரீல்ஸ் போடு, தினமும் அட்டைப்படத்தைப் பகிர், இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் இணைப்பைத் தட்டிவிடு. ‘வூல்’ விஷயத்தை எடுத்துப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், எந்த முடிவை எந்தக் கட்டத்தில் எடுத்தார் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. என் கணிப்பில், விளம்பரத்துக்கு இதில் பங்கு குறைவு. வரிசைக்குத்தான் பங்கு அதிகம். முதலில் சின்னதாக ஒன்றை வெளியே விட்டார், எது ஓடுகிறது என்று பார்த்தார், ஓடுவதன் பின்னால் போனார், கடைசியில் பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தபோது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்தார்.

அதற்கு முன்னால்

ஹௌவி ஒரே நாளில் முளைத்தவர் இல்லை. படகுகளில் கேப்டனாக இருந்தவர், கூரை வேலைக்கும் போயிருக்கிறார். 2009-இல் அவருடைய முதல் நாவல் ஒரு சிறிய பதிப்பகம் வழியாக வந்தது. அடுத்த நாவலுக்கும் அவர்கள் ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தார்கள். அவர்தான் வேண்டாம் என்று விலகி, தானே வெளியிட ஆரம்பித்தார். பதிப்பகம் செய்துகொடுத்ததை எல்லாம் தானே செய்ய முடியும் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு எடுத்த முடிவு அது. காலையில் வேலைக்குப் போகும் முன்பும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எழுதுவார். கடையில் சம்பளம் மணிக்கு 10 டாலர் கணக்கு.

ஆக, ‘வூல்’ வருவதற்குள் அவர் பெயரில் கிண்டிலில் ஏற்கெனவே பல புத்தகங்கள் கிடந்தன. அவை பெரிதாக விற்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு கதையைப் படித்து முடித்தவர் “இந்த ஆள் வேறு என்ன எழுதியிருக்கிறார்” என்று பெயரைத் தட்டினால், பார்க்க ஏதாவது இருந்தது. ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் அதையே தள்ளிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் வியாபாரக் கணக்கு. பூமிக்குக் கீழே, நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களோடு, பெரிய குதிர் மாதிரி ஒரு கட்டடம். ஏறி இறங்க நடுவில் ஒரே ஒரு சுழல் படிக்கட்டு. வெளியே காற்று விஷம் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. மேல் தளத்தில் ஒரு பெரிய திரையில் வெளியுலகம் தெரியும். புழுதி படிந்து மங்கிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சியைத் தெளிவாக்க, வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவர்களைக் கவச உடை மாட்டி அனுப்புவார்கள். அவர்கள் கையில் கம்பளித் துண்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரும், போகும் முன் எவ்வளவு வெறுத்துப் பேசியிருந்தாலும், கேமரா லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் சாகிறார்கள். ஏன் துடைக்கிறார்கள்? கதை முழுக்க இந்த ஒரு கேள்விதான். கடைசிப் பக்கத்தில் விடை கிடைக்கும்போது நாயகன் கதையும் முடிந்துவிடுகிறது. தொடர்ச்சிக்காக எதையும் பாக்கி வைக்காத கதை. வாசகர்கள் அதற்குத்தான் விழுந்தார்கள் என்று நினைக்கிறேன். முழுதாக ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் போன எழுத்தாளரிடம்தான் இன்னொன்று கேட்கத் தோன்றும். பாதியில் நிறுத்திவிட்டு “மீதியை விலை கொடுத்து வாங்கிப் படியுங்கள்” என்கிற வகையில் வாசகருக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

எண்கள் சொன்னதைக் கேட்டது

அக்டோபரில் அந்த மாதத்துக்கு மட்டும் ஆயிரம் பிரதி அளவுக்கு விற்பனை வந்துவிட்டது. அமேசானில் வாசகர் கருத்துகள் குவிந்தன, பலரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: அடுத்தது எங்கே?

99 சென்ட் புத்தகத்துக்கு அமேசான் ஆசிரியருக்குக் கொடுப்பது 35 சதவீதம். அதாவது ஒரு பிரதிக்குச் சுமார் 35 சென்ட். ஆயிரம் பிரதிக்கு 350 டாலர். வீட்டு வாடகைக்கே போதாத காசு. ஆனால் ஹௌவி அந்த எண்ணைக் காசாகப் பார்க்காமல், ஆயிரம் பேர் ஒரு கதையை விளம்பரமே இல்லாமல் தேடி வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். கையில் இருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நவம்பரில் உட்கார்ந்து அதே உலகத்தில் அடுத்த பாகங்களை எழுத ஆரம்பித்தார். 2012 ஜனவரிக்குள் ஐந்து பாகங்கள் ஆகிவிட்டன, அவை ஒவ்வொன்றாக வர வர நீண்டுகொண்டே போயின. ஐந்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் அந்த ஜனவரியிலேயே போட்டார்.

தொடராக எழுதி வாசகரைக் காத்திருக்க வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. வாரப் பத்திரிகைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த தலைமுறை நம் வீடுகளில் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அந்தக் காலத்தில் ஒரு தொடர் எவ்வளவு பேரை இழுக்கிறது என்பது ஆசிரியர் குழுவுக்குத் தெரியும், எழுதுகிறவருக்குக் கடிதங்களும் காதுவழிச் சேதியும்தான். ஹௌவிக்குத் தினசரி விற்பனைப் பட்டியல் நேரடியாகத் தன் கணினியிலேயே தெரிந்தது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்ற முடிவு பத்திரிகை அலுவலகத்திலிருந்து எழுதுகிறவர் மேஜைக்கு நகர்ந்துவிட்டது. எழுத்தாளர் டிஜிட்டலுக்கு மாறுவது என்று சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான், இன்ஸ்டாகிராம் கணக்கு அப்புறம்.

விலையிலும் ஒரு யோசனை இருந்தது. முதல் கதை 99 சென்டிலேயே இருந்தது. புதிதாக வருகிறவர் யோசிக்காமல் வாங்கிவிடுவார். தொகுப்புக்கு 5.99 டாலர். 2.99 முதல் 9.99 வரை விலை வைத்தால் அமேசான் 70 சதவீதம் கொடுக்கும், அதில் சிறு அனுப்புச் செலவைக் கழித்தால் ஒரு தொகுப்புக்கு 4 டாலரை ஒட்டி அவருக்கு வரும். அதே ஒரு வாசகர்தான். முதல் கதையில் 35 சென்ட் தந்தவர் தொகுப்பை வாங்கும்போது அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தருகிறார். 2012 கோடையில் மாதத்துக்கு 20,000, 30,000 என்று பிரதிகள் போயின. கடை வேலையை விட்டுவிட்டார்.

விளம்பரம் என்று அவர் செய்தது

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கதை சூடு பிடித்த பிறகு நிறையவே செய்தார். புத்தகம் பற்றி எழுதுகிறவர்களுக்கும் குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தின் விமர்சகர்களுக்கும் இலவசப் பிரதி அனுப்பினார். ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் வந்து உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும் மணிக்கணக்கில் பதில் எழுதினார். வாசகர்கள் வரைந்த படங்களைக் கேட்டு வாங்கிப் போட்டார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, தன் குதிர் உலகத்தை வைத்து மற்றவர்கள் கதை எழுதினால் தடுக்கவில்லை, எழுதி விற்கவும் சம்மதித்தார். அமேசான் 2013-இல் ‘கிண்டில் வேர்ல்ட்ஸ்’ என்று இதற்காகவே ஒரு பிரிவைத் தொடங்கியபோது அவருடைய உலகமும் அதில் இருந்தது. (அந்தப் பிரிவை 2018-இல் இழுத்து மூடிவிட்டார்கள், அது வேறு கதை.) நம் ஆட்கள் பலர் தன் கதாபாத்திரத்தின் பெயரை இன்னொருவர் வைத்தாலே சண்டைக்குப் போவார்கள். இவரோ தன் வாசகர்களையே தனக்காக எழுதுகிறவர்களாக ஆக்கிக்கொண்டார்.

இதில் ஒன்றுகூட “என் புத்தகத்தை வாங்குங்கள்” என்று கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஏற்கெனவே படித்தவரிடம் நடக்கும் பேச்சு. படித்தவர் போய் இன்னொருவரிடம் சொல்கிறார். முன்பின் தெரியாதவர் முகத்தில் அட்டைப்படத்தைக் காட்டுவதற்கு ஆகும் அதே நேரத்தில், படித்து முடித்த ஒருவருக்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிடலாம்.

இதற்கு நேர்மாறான வழியும் அதே காலத்தில் இருந்தது. கிண்டிலில் பத்து லட்சம் பிரதி தாண்டிய முதல் சுய பதிப்பாளர் என்று 2011-இல் கொண்டாடப்பட்ட ஜான் லாக், எப்படி விற்றேன் என்று தனிப் புத்தகமே எழுதினார். 2012 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வந்தபோதுதான், விமர்சனம் எழுதித் தரும் ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து 300 விமர்சனங்கள் வரை அவர் வாங்கியிருந்தது வெளியே தெரிந்தது. அந்த வழிமுறைப் புத்தகத்தில் இந்த விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. இன்று நம் பக்கத்திலும் ஐந்து நட்சத்திரப் பரிமாற்றம், “நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்” என்று சகஜமாக நடக்கிறது. அமேசான் கண்டுபிடித்தால் கருத்துகளை நீக்கும், சில சமயம் கணக்கையே முடக்கும். அது ஒரு பக்கம். அந்த நட்சத்திரங்களைப் பார்த்து எதை எழுதுவது என்று முடிவெடுக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். ஹௌவிக்குக் கிடைத்த ‘அடுத்தது எங்கே’ என்ற கேள்வி காசு கொடுத்து வாங்கியதாக இருந்திருந்தால், இரண்டாம் பாகத்தை யாருக்காக எழுதுவது?

ஒப்பந்தம்

இனி வருவதுதான் இந்த விவகாரத்தில் முக்கியமான இடம்.

2012 தொடக்கத்தில் கிறிஸ்டின் நெல்சன் என்ற இலக்கிய முகவர் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேரம் பேசுகிறவர்) அவரைத் தொடர்புகொண்டார். நீங்கள் இப்போது சம்பாதிப்பதைவிட நல்ல ஒப்பந்தம் அமெரிக்காவில் வாங்கித் தர முடியுமா என்று தெரியாது, ஆனால் வெளிநாட்டு உரிமையும் திரைப்பட உரிமையும் உங்களால் தனியாக விற்க முடியாது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நேர்மையான பேச்சு. அந்த இரண்டிலும் அவர் சொன்னது நடந்தது. பிரிட்டனில் ரேண்டம் ஹவுஸ் வாங்கியது, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மொழிபெயர்ப்பு உரிமை போனது, 2012-இலேயே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பட உரிமையை வாங்கியது. அந்தப் படம் வரவேயில்லை. கடைசியில் அது ‘சைலோ’ என்ற தொடராக ஆப்பிள் டிவியில் 2023 மே மாதம்தான் வந்தது. திரை உரிமை விற்றவுடன் வேலையை விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பதினோரு வருடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அமெரிக்கப் பதிப்பகங்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் பேசின. அவர் மறுத்தார். காரணம் எளிய கணக்கு. பெரிய பதிப்பகங்கள் மின்னூலுக்கு ஆசிரியருக்குத் தரும் வழக்கமான பங்கு, தங்கள் கைக்கு வரும் தொகையில் 25 சதவீதம். விற்பனை விலையில் 70 சதவீதம் பதிப்பகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆசிரியருக்குக் கிடைப்பது விலையில் 17.5 சதவீதம். அவர் ஏற்கெனவே 70 வாங்கிக்கொண்டிருந்தார். தவிர, பதிப்பகம் கையில் போனதும் மின்னூல் விலையை அவர்கள் ஏற்றுவார்கள், 5.99-க்கு வாங்கிய வாசகர் 12 டாலர் கொடுக்க யோசிப்பார். மாதாமாதம் வருகிற வருமானத்தை மொத்தமாக ஒரு முன்பணத்துக்கு விற்றுவிட்டு, அந்த முன்பணம் ஈடாகும் வரை ஒரு பைசா வராமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

2012 டிசம்பரில் சைமன் அண்ட் ஷஸ்டர் இறங்கி வந்தது. அச்சு உரிமை மட்டும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். பேசிய தொகை முன்பு வந்ததைவிடக் குறைவு, லட்சங்களில்தான். மின்னூல் முழுக்க ஹௌவியிடமே இருந்தது. 2013 மார்ச்சில் கெட்டி அட்டையும் சாதா அட்டையும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தன. பதிப்பகம் எதில் கெட்டிக்காரனோ, அதாவது ஊரெல்லாம் கடைகளில் புத்தகத்தை அடுக்குவதில், அதை அவர்களுக்குக் கொடுத்தார். அவர்களைவிடத் தான் நன்றாகச் செய்துகொண்டிருந்ததைத் தானே வைத்துக்கொண்டார்.

எல்லோரும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அமாண்டா ஹாக்கிங் என்ற இன்னொரு சுய பதிப்பாளர், 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்தோடு நான்கு புத்தகங்களுக்கு 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, அட்டையைச் சரிசெய்வது, எடிட்டர் தேடுவது என்று வாரத்துக்கு 40 மணி நேரம் போகிறது, எனக்கு எழுதினால் போதும் என்பது அவர் சொன்ன காரணம். முற்றிலும் நியாயம். சுய பதிப்பில் 70 சதவீதம் என்பது சும்மா வருவதில்லை, அந்த 40 மணி நேரத்துக்கான கூலியும் அதில்தான் இருக்கிறது. ஹௌவிக்கு அந்த வேலை பிடித்திருந்தது, ஹாக்கிங்குக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மால் எடுத்துக்கொள்ள முடிந்தது

அதிர்ஷ்டம் இதில் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. 2011-இல் கிண்டில் வாங்கியவர்கள் அதில் நிரப்பப் புத்தகம் தேடி அலைந்தார்கள், 99 சென்ட் கதைகளுக்கு அப்போது போட்டி இன்றைய அளவு இல்லை. ஆங்கிலச் சந்தையின் அளவுக்கும் தமிழ்ச் சந்தையின் அளவுக்கும் ஒப்பீடே கிடையாது. அறிவியல் புனைகதை வாசகர்கள் தொடராக வாங்கிக் குவிப்பவர்கள். கவிதைத் தொகுப்புக்கு இந்தப் படிப்படியான வழி அப்படியே பொருந்தாது. ஆகவே விற்பனை எண்ணை மறந்துவிடலாம். உரிமைப் பேச்சை மட்டும் மறக்கக் கூடாது.

தமிழில் பல புத்தகங்கள் வாய்ப்பேச்சிலேயே அச்சாகின்றன. ஒப்பந்தம் இருந்தாலும் ஒரு பக்கத் தாள், அதில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று ஒரு வரி. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 எழுத்தாளர் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று பலரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் 19-ஆவது பிரிவின்படி, எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று இல்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் விட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி ஆகிவிடும். 2012 திருத்தத்தில் 18-ஆவது பிரிவில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஒப்பந்தம் போட்ட சமயத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஓர் ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர, உரிமை போகாது. அடுத்த முறை பதிப்பாளர் தாளை நீட்டும்போது அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று ஐந்து வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை. நல்ல பதிப்பாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உரிமை கையில் இருந்தாலும் கோப்பு கையில் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. பழைய புத்தகத்தை மின்னூலாக்கலாம் என்று பதிப்பகத்தில் கேட்டால், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய எழுத்துருவில் கோத்த கோப்பு வரும். இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையான யூனிகோடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து பிதற்றல் மாதிரி தெரியும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தாலும் ‘கொ’, ‘கோ’ உடைந்து, ஒற்று இடம் மாறி, மறுபடி முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும். அச்சுக்குப் போகும் அன்றே யூனிகோடில் இறுதி வடிவத்தை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம் கிண்டில். 2016 கடைசியிலிருந்து தமிழ் நூல்களுக்கு இடம் இருக்கிறது. இந்திய வாசகர்கள் வாங்கும் பிரதிக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி (கிண்டிலில் நாமே நூல் வெளியிடும் அமேசான் சேவை) நடத்தும் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், இல்லை என்றால் 35-தான். செலக்டில் சேர்ந்தால், சந்தா கட்டியவர்கள் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்படும் பக்கங்களுக்கும் காசு வரும். வாராவாரம் அத்தியாயம் போட்டுப் பழகிய தமிழ்க் குடும்ப நாவல் எழுத்தாளர்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, நீண்ட நாவலுக்குப் பக்கக் கணக்கு லாபம். ஆனால் செலக்டில் இருக்கும் 90 நாளும் அதே மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளம் உட்பட. தொடராகப் போட்ட அத்தியாயங்களை அப்படியே விட்டுவிட்டுச் சேர்ந்து, அமேசானிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வாங்கியவர்கள் உண்டு. சேரும் முன் தளத்தில் மாதிரிக்கு முதல் அத்தியாயங்கள் மட்டும், மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள், இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்ற இடத்தில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால், 90 நாள் முடிந்ததும் மொத்தத்தையும் மறுபடி தளத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.